வியாழக்கிழமைக்குள் ஒரு மவுத்பீஸ்

கடைக்காரர் மூன்று மவுத்பீஸ்களைப் பச்சைத் துணிமேல் வரிசையாக வைத்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றையும் துடைத்தார். பிறகு ஒவ்வொன்றின் முதுகிலும், மேல்பல் படியும் இடத்தில், நகத்தளவு மெல்லிய ரப்பர்ச் சில்லு ஒன்றை ஒட்டினார்.

"சட்டம் தெரியும்ல? சில்லு கிழிஞ்சு பல்லு பதிஞ்சிருந்தா அது உங்களோடது. பதியலன்னா நாளைக்கு ஆறு மணிக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடுங்க. ஆறு அஞ்சுக்கு ஷட்டர இறக்கிடுவேன். சொந்த மச்சான் வந்து தட்டினாலும் திறக்க மாட்டேன்."

"உங்க மச்சான் தெருமுனையில வந்தாலே இறக்கிடுவீங்கன்னுதான் கேள்விப்பட்டேன்," என்றாள் டெனரக்கா.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. நெஞ்சு படபடக்கும்போது அவள் வாய் தன்பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்.

அன்று செவ்வாய், காலை பதினொரு மணி. வியாழன் காலை பத்து மணிக்கு அவள் அரங்கத்தில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்த நாற்காலி இனியும் அவளுடையதுதானா என்பதை, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மூன்று பேர் முடிவு செய்வார்கள். சாக்ஸபோன் இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, மூச்சு இருக்கிறது. மவுத்பீஸ் மட்டும் இல்லை.

சாக்ஸபோனின் உடம்பு எவ்வளவு பளபளத்தாலும் சத்தம் பிறப்பது அதில் இல்லை. வாயில் வைக்கிற விரல் நீளத் துண்டு ஒன்று இருக்கிறதே, அதன் அடியில் கட்டிய நாணல் ரீட் அதிரும்போதுதான் பிறக்கிறது. அந்தத் துண்டின் நுனி ரீடிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, உள்ளே இருக்கும் அறை பெரியதா சின்னதா, தரை மேடா பள்ளமா என்பதெல்லாம் மயிரிழைக் கணக்கு. மயிரிழை மாறினால் குரலே மாறும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கருவியை மாற்றினாலும் மவுத்பீஸை மாற்ற மாட்டார்கள். டெனரக்காவும் இருபத்தெட்டு வருஷமாக ஒன்றையேதான் வைத்திருந்தாள்.

அவள் டெனருக்கு, அதாவது தாழ்ந்த குரல் கொண்ட பெரிய சாக்ஸபோனுக்கு, வந்ததே ஒரு தற்செயல். பள்ளி பேண்டு வாத்தியத்தில் மற்றவர்களெல்லாம் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் அடித்துக்கொண்டபோது, பேண்டு மாஸ்டர் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ நெட்டை. உனக்கு டெனர்," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அந்தக் கனம் தோளில் ஏறியது, இறங்கவேயில்லை. பனிச்சறுக்கு அரங்கில் வாசித்தாள். கல்யாண மண்டபங்களில் வாசித்தாள். பகலில் நீச்சல்குளத்தின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு மாலையில் வாசித்தாள். கடைசியாக இந்த நாடக அரங்கத்தின் வாத்தியக் குழுவில், மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில், இடது ஓரத்து நாற்காலி கிடைத்தது. அங்கே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. வாசல் காவலாளியிலிருந்து எல்லாருக்கும் அவள் டெனரக்காதான்.

நான்கு மாதத்துக்கு முன்னால், அந்தப் பள்ளத்துக்கு இறங்கும் இரும்புப் படியில் கால் வழுக்கியது. விழுகிற நொடியில் இரண்டு கையாலும் சாக்ஸபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகத்தைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. மேல்வரிசையில் முன்பல் இரண்டு போயிற்று. கருவியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் படியில் இடித்த மவுத்பீஸின் நுனியில் ஒரு கடுகளவு பெயர்ந்துவிட்டது. அவ்வளவுதான், அதன் ஆயுள் முடிந்தது. அதே மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை.

"பல்லு திரும்ப முளைக்காது. சாக்ஸபோன் கடையில கிடைக்கும். எதைப் பிடிச்சாங்க பாருங்க எங்க அண்ணி," என்று மருத்துவமனையில் நர்சிடம் புகார் சொன்னவள் நாத்தனார்.

பல் மருத்துவர் ஒரு மாதத்தில் புண் ஆறியதும் புதுப்பல் கட்டி, "மூணு மாசம் ஊதக் கூடாது" என்றார். அந்த நான்கு மாதமும் அவளுடைய நாற்காலியில் ஒரு பதிலாள் உட்கார்ந்தான். முப்பது வயது, பழக நல்லவன், வாசிப்பும் நன்றாகவே இருந்தது. அதுதான் சிக்கல். மோசமாக வாசித்திருந்தால் யாரும் திரை போட்டிருக்க மாட்டார்கள்.

குழுத் தலைவர் போன வாரம் கூப்பிட்டுப் பேசினார். "உங்கள வேண்டாம்னு நான் சொல்லல. அவனை வேண்டாம்னும் சொல்ல வாய் வரல. திரை போட்டுடுவோம். யாரு வாசிக்கறாங்கன்னு தெரியாம, காது என்ன சொல்லுதோ அதைக் கேப்போம். புது நாடகத்துல ஆரம்பமே டெனர்தான். விளக்கு அணைஞ்சதும் நீங்க மட்டும் தனியா. கருவியோட ஆகக் கீழ் ஸ்வரம், ரொம்ப மெதுவா. அது உடைஞ்சா எண்ணூறு பேர் சேர்ந்து இருமுவாங்க."

டெனரில் ஆகக் கீழ் ஸ்வரத்தைச் சத்தமாக ஊதுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மெதுவாக ஊதுவதுதான் உயிரை வாங்கும். கொஞ்சம் பிசகினால் கரகரக்கும், இல்லாவிட்டால் ஒரு துள்ளலில் மேலே தாவிவிடும்.

அதை நினைத்துக்கொண்டே மூன்று மவுத்பீஸ்களையும் பையில் போட்டுக்கொண்டு டெனரக்கா பஸ் ஏறினாள்.

வீட்டில் படுக்கையறைதான் அவளுடைய வாசிப்பறை. ஒரு பக்கம் துணி அலமாரி, இன்னொரு பக்கம் ஆளுயரக் கண்ணாடி. கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். அந்த வாரம் ஊரில் இல்லை. நாத்தனாருக்கு மாலை ஷிப்ட், அதனால் பகலில் வீட்டில் இருந்தாள். கணவரின் தங்கை, பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவள், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது.

டெனரக்கா மூன்றுக்கும் மூன்று புது ரீட் எடுத்துவைத்தாள். கழுத்துக் குழாயின் நுனியில் சுற்றியிருக்கும் கார்க்கில் மசகு தடவி, முதல் மவுத்பீஸை வழக்கமான பென்சில் கோடு வரை செருகி ஊதினாள்.

முதலாவது உலோகம். தங்க முலாம், உள்ளே குறுகலான அறை. ஊதியதும் கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்கு வயது இருபது குறைந்த மாதிரி இருந்தது. மேல் ஸ்வரங்கள் விரல் வைப்பதற்கு முன்னாலேயே ஓடிவந்தன. ஆனால் கீழே இறங்கி மெதுவாக ஊதியபோது, நான்கு தடவையில் மூன்று தடவை துள்ளி மேலே போயிற்று.

இரண்டாவது கறுப்பு, கடின ரப்பர். எங்கோ ஒரு தனி ஆள் கையால் அராவிச் செய்கிறாராம். வருஷத்துக்கு நூறுகூடச் செய்ய மாட்டாராம். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சின்னக் குகை. சத்தம் இந்த அறையில் மங்கலாகத்தான் கேட்டது. கீழ் ஸ்வரம் வந்தது, அதுவும் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள் மாதிரி அமைதியாக வந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் சுருதி காட்டும் கருவியின் ஊசி இடது பக்கம், தாழ்ந்த சுருதியின் பக்கம், சாய்ந்தே கிடந்தது. மேலே போகப் போக இன்னும் சாய்ந்தது. பல்லை இறுக்கி, உதட்டைக் கடித்து ஏற்றினாள். ஊசி நடுவுக்கு வந்தது. புதுப்பல்லின் வேரில் சுரீர் என்றது. அதே இறுக்கத்தோடு கீழே இறங்கினால், அந்த அமைதியான ஸ்வரம் கரகரத்து உடைந்தது.

"சுருதி நிக்கல," என்று அதை ஒதுக்கிவைத்தாள்.

மூன்றாவதும் ரப்பர்தான், நடுத்தரமான உள்ளறை, அவளுடைய பழையதற்குச் சித்தப்பா மகன் மாதிரி. சுருதி நின்றது. கீழ் ஸ்வரம் பத்துக்கு ஏழு தடவை வந்தது.

பத்துக்கு ஏழு. வியாழக்கிழமை அவளுக்குக் கிடைக்கப்போவது ஒரே தடவை.

நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். "ஏன் அண்ணி, மூணையும் மாத்தி மாத்தி ஊதி நீங்களே மார்க் போட்டுக்கறீங்க. பரீட்சை எழுதறதும் நீங்க, திருத்தறதும் நீங்களா?"

"வேற யாரு திருத்துவா? உனக்கு டெனருக்கும் ட்ரம்பெட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். மைக்குக்குப் பக்கத்துல நான் பேசறது எனக்கு அமிர்தமா இருக்கும். மூணாவது பிளாட்பாரத்துல நிக்கறவனுக்கு அது வெறும் இரைச்சல். அங்க போய் நின்னு கேட்டுட்டு வந்துதான் நான் பேசக் கத்துக்கிட்டேன். நீங்க இருபத்தெட்டு வருஷமா உங்க மூக்குக்கு அடியிலேயே கேட்டுட்டிருக்கீங்க."

டெனரக்காவுக்குச் சுருக்கென்றது. கோபப்படலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். கோபப்பட நேரம் இல்லை.

"எங்க போய்க் கேக்கறது? அரங்கத்துல இப்ப விட மாட்டாங்க."

"எங்க ஸ்டேஷன்ல பழைய பார்சல் கூடம் காலியாக் கிடக்கு. அரங்கத்துல பாதியாவது இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நான் பேசறேன். அவருக்கு எம்மேல பயம்."

புதன்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு இருவரும் பார்சல் கூடத்தில் நின்றார்கள். உயரமான தகரக் கூரை, சிமெண்டுத் தரை, மூலையில் யாரும் எடுத்துப்போகாத எடை மேடை. நான்கு மணி வண்டிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது மாஸ்டரின் நிபந்தனை. நான்கு மணிக்கு நாத்தனாருக்கும் ஷிப்ட்.

நாத்தனார் அறுபது அடி எண்ணி நடந்துபோய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கையில் காகிதமும் பேனாவும். எது எப்போது வருகிறது என்று அவளுக்குத் தெரியக்கூடாது. டெனரக்கா வரிசையைக் கலைத்து, மூன்றையும் இரண்டு சுற்று வாசித்தாள். ஒவ்வொரு தடவையும் புது நாடகத்தின் அதே ஆரம்பம்: கீழ் ஸ்வரம், மெதுவாக, பிறகு மேலே ஏறுகிற எட்டு வரி. கடைசித் தடவைக்குச் சற்று முன்னால் வெளியே அறிவிப்பு மணி மூன்று ஸ்வரத்தில் ஒலித்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது. பல்லின் வேர் துடித்துக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் நாத்தனார் காகிதத்தைப் பார்த்துப் படித்தபடியே நடந்துவந்தாள். "மொதல்ல வந்தது நல்லவன், ஆனா சோம்பேறி. ரெண்டாவது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. சண்டை நடக்குதுன்னு தெரியுது, என்னன்னு புரியல. மூணாவது உங்க பழைய சத்தம், மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வந்திருக்கு. நாலாவது மறுபடி சண்டை. அஞ்சாவது மழைக்கோட்டு. ஆறாவது சோம்பேறி."

டெனரக்கா தன் சீட்டைப் பார்த்தாள். இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று, இரண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை. நேற்று கண்ணாடியை அதிரவைத்த உலோகம் அறுபது அடி தாண்டுவதற்குள் வெளுத்துப்போயிருக்கிறது.

"சோம்பேறிங்கறியே, என்ன அர்த்தம்?"

"நடுவுல எங்க மணி அடிச்சுது பாருங்க. அதுக்கப்புறம் நீங்க ஆரம்பிச்சது மணிய விடக் கீழ தொங்குது. இருபத்தாறு வருஷமா தினம் நாப்பது தடவை அந்த மணியக் கேக்கறேன் அண்ணி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா மூணுலயும் அதுதான் ஆளு. கூடம் முழுக்க நிக்குது. கொஞ்சம் மேல ஏத்துங்களேன்."

"ஏத்தினா பல்லு கடிக்கணும். கடிச்சா கீழ் ஸ்வரம் உடையுது."

"பல்லுல எதுக்கு ஏத்தணும்? அந்தத் துண்ட இன்னும் உள்ள தள்ளுங்க. நான் மைக்க முன்ன பின்ன நகத்தலையா?"

"உள்ளதான் இருக்கு. கோடு வரைக்கும் தள்ளியாச்சு."

"என்ன கோடு?"

டெனரக்கா கழுத்துக் குழாயைத் திருப்பிக் கோட்டைக் காட்டினாள். காட்டும்போதுதான் அவளே அதைப் பார்த்தாள்.

அரங்கத்தில் சேர்ந்த முதல் வருஷம், சுருதி சேர்க்க நேரமாகிறது என்று அப்போதிருந்த தலைவர் எல்லார் முன்னாலும் திட்டினார். மறுநாள் அவள் கார்க்கில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மவுத்பீஸைக் கோடு வரை செருகினால் சுருதி சரியாக இருக்கும், பியானோவைக் கேட்கக்கூட வேண்டாம். கோடு அழிய அழிய அதே இடத்தில் திரும்பப் போட்டாள். கார்க்கையே மாற்றியபோதும் அளந்து போட்டாள். கைக்கு அது பழகி, கண்ணுக்கு மறைந்துபோயிற்று. அந்தக் கோடு பழைய மவுத்பீஸுக்கானது. குகை மாதிரி பெரிய உள்ளறை இருந்தால் சுருதி தாழும்; அதை ஈடுகட்ட இன்னும் உள்ளே தள்ள வேண்டும். முதல் வருஷம் கற்றுக்கொள்கிறவனுக்குக்கூட இது தெரியும். நேற்றிலிருந்து மூன்றையும் அவள் செத்துப்போன ஒன்றின் இடத்தில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள்.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாமான்னு பாக்கறேன்."

"நாலு மணிக்கு அப்புறம் அடிச்சுக்குங்க. இப்ப தள்ளுங்க."

தள்ளினாள். நகரவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கார்க்கை இத்தனை வருஷத்தில் எதுவும் அழுத்தியதில்லை. உப்பி, விறைத்து நின்றது. மசகு தடவித் திருகினாள். மவுத்பீஸின் அடிப்பகுதி முனகியது. இன்னும் ஒரு திருகு திருகினால் ரப்பரில் விரிசல் விழலாம், கழுத்துக் குழாய் வளையலாம். கையை எடுத்துவிட்டாள்.

"தேய்க்கணும். உப்புத்தாள் இருந்தா..."

நாத்தனார் கைப்பையைத் திறந்து, நகம் தேய்க்கும் அட்டையை எடுத்து நீட்டினாள். "முகமே தெரியாத வேலைக்கு நகத்துக்கு என்ன அலங்காரம்னு போன மாசம் கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"வாங்கிக்கறேன். மன்னிப்பு வீட்டுக்குப் போய்."

மூன்று மணி இருபது நிமிஷம். டெனரக்கா எடை மேடையின் விளிம்பில் உட்கார்ந்து, கழுத்துக் குழாயைத் தொடையில் வைத்து, கார்க்கைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். இரண்டு சுற்று, துடைப்பு, செருகிப் பார்ப்பது. மறுபடி இரண்டு சுற்று. குறைவாகத் தேய்த்தால் ஏறாது. அதிகமாகத் தேய்த்தால் காற்று கசியும். கசிந்தால் முதலில் சாவது கீழ் ஸ்வரம்தான். புதுக் கார்க் ஒட்டிக் காயவைக்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் அவளிடம் இல்லை. பழுப்புத் தூள் சேலை மடியில் விழுந்தது. பென்சில் கோடு தூளோடு தூளாகப் போயிற்று. நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றுதான்.

பன்னிரண்டாவது தடவை மவுத்பீஸ் அசைந்தது. கட்டைவிரல் நகத்தின் அகலம் உள்ளே போய், இறுக்கமாக நின்றது.

"போய் நில்லு," என்றாள் டெனரக்கா.

நாத்தனார் ஓடினாள். மூன்று ஐம்பத்திரண்டு. டெனரக்கா மூச்சை இழுத்தாள், தாடையைத் தளர விட்டாள், ஊதினாள்.

ஸ்வரம் வந்தது. வந்த சுவடே தெரியவில்லை; இல்லாமல் இருந்த இடத்தில் இருந்தது. பல் வலிக்கவில்லை. எட்டு வரியும் ஏறிப் போய் மேலே நின்றபோது, வெளியே நான்கு மணி வண்டிக்கான மணி ஒலித்தது. அந்த மூன்று ஸ்வரத்தில் நடு ஸ்வரமும் இவள் பிடித்திருந்ததும் ஒன்றாகப் படிந்தன. தொலைவில் சுவரைப் பார்த்து நின்ற நாத்தனார், திரும்பாமலே, கையை மட்டும் மேலே தூக்கினாள். பிறகு அப்படியே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் அறையை நோக்கி ஓடினாள்.

அன்று நான்கு மணி வண்டியின் அறிவிப்பில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பயணிகள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஐந்து ஐம்பதுக்கு டெனரக்கா கடையில் இருந்தாள். உலோகத்தையும் மழைக்கோட்டையும் துணிமேல் வைத்தாள். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டின் சில்லையும் பார்த்தார். கிழியவில்லை.

"அப்ப கறுப்பு உங்களுக்கா? நிச்சயமாத்தானா? இதுக்கு முன்னாடி மூணு பேர் எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்க. சுருதி கம்மின்னு."

"உள்ள தள்ளணும்னு நீங்க அவங்ககிட்ட சொல்லலையா?"

"ஒருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். 'எனக்கே சொல்லித்தர்றியா'ன்னு எகிறினாரு. அதுலேர்ந்து வாய மூடிக்கிட்டேன். நேத்து உங்ககிட்டயும் மூடிக்கிட்டேன், தப்பா நினைக்காதீங்க."

நேற்றுச் சொல்லியிருந்தால் அவளும் எகிறித்தான் இருப்பாள். அதனால் தப்பாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, கார்க்கில் புது இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டாள். பழக்கதோஷம்.

வியாழக்கிழமை அரங்கம் ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. பராமரிப்புக்காரர்கள் குளிர்சாதனத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்களாம். மேடையில் கறுப்புத் திரை தொங்கியது. பின்னால் இரண்டு நாற்காலி. பதிலாள் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று, உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதிக் காட்டினான்: குளிர். பேசக்கூடாது என்பது தலைவரின் உத்தரவு. குரல் கேட்டால் ஆள் தெரிந்துவிடும். சீட்டு எடுத்தார்கள். அவன் முதலில், அவள் இரண்டாவது.

அவன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். கீழ் ஸ்வரம் ஒரு சின்னக் கரகரப்போடு வந்தாலும் உடையவில்லை. மேலே ஏறியதும் வெயில் அடித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அறுபது அடியில் இது எப்படிக் கேட்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. இனித் தெரிந்தும் பயனில்லை.

திரைக்கு முன்னால் யாரோ இருமினார்கள். காகிதம் புரண்டது. "அடுத்தது," என்றார் தலைவர்.

அவள் மவுத்பீஸைப் புதுக் கோடு வரை செருகினாள். பியானோக்காரர் சுருதிக்கு ஒரு கட்டையைத் தட்டினார். அவள் தொண்டைக்குள்ளேயே அளந்து, அதே ஸ்வரத்தைச் சன்னமாக ஊதினாள். தாழ்ந்து கிடந்தது. குளிரில் பித்தளை சுருங்கினாலும் உள்ளே இருக்கிற காற்று சோம்பிவிடும், சுருதி இறங்கிவிடும். பழக்கம் அவளைக் கேட்காமல் பல்லை இறுக்கச் சொன்னது. இறுக்கினால் மேலே தப்பித்துவிடலாம், கீழே மாட்டிக்கொள்வாள்.

கோட்டைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, மவுத்பீஸை இன்னும் கொஞ்சம் உள்ளே திருகினாள். பியானோ இன்னொரு தடவை தட்டப்படாது. காதில் மிச்சமிருந்த அந்தக் கட்டையோடு சேர்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு பொட்டு. போதும் என்று காது சொன்ன இடத்தில் கையை எடுத்தாள்.

திரைக்கு முன்னால் அமைதி. அந்த அமைதிக்குள் அவள் தாடையைத் தளர விட்டு ஊதினாள்.

எப்போது ஆரம்பித்தது என்று பக்கத்தில் இருந்த பதிலாளுக்கே தெரியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான். நான்கு எண்ணிக்கை அது அசையாமல் நின்றது, பிறகு ஏறியது. ஏழாவது வரியில் ஒரு விரல் தடுமாறி ஒரு ஸ்வரம் அரை நொடி பிந்தி வந்தது. எட்டாவது வரி முடிந்ததும் அவள் கருவியை மடியில் இறக்கினாள். உதடு மரத்துப்போயிருந்தது.

அந்தப் பக்கம் மூன்று பேர் கிசுகிசுத்தார்கள். கிசுகிசுப்பு நீண்டது. யாரோ "ஏழாவது வரியில" என்றார்கள். இன்னொருவர், "பத்தாவது வரிசையிலேர்ந்து கேட்டீங்களா, பின்னாடி போய்க் கேட்டேன் நான்," என்றார். மறுபடி கிசுகிசுப்பு. டெனரக்கா கழுத்துப் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

"சரி," என்றார் தலைவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டாவது. ரெண்டாவதா வாசிச்சது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். மரத்துப்போன உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது.

பதிலாள் அவளைப் பார்த்தான். ஒரு நொடி தரையைப் பார்த்தான். பிறகு திரையை நோக்கிக் குரல் கொடுத்தான். "அக்கா சார்."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான் சார். எத்தனை அக்கா இருக்காங்க இங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அப்ப நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒத்திகை. ஏழாவது வரியப் பாத்துட்டு வரச் சொல்லு."

"சொல்றேன் சார்," என்றான் அவன். தன் மவுத்பீஸைக் கழற்றி, ரீடைத் துடைத்து, பெட்டியில் வைத்தான். "ஏழாவது வரியாம் அக்கா," என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் பெட்டியை மூடிக் கிளம்புகிறவரைக்கும் அவளும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.